என்றும் ஒரு டொலர்

டொரொன்ரோவில், ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் மார்க்கம் றோட்டோரமாக இருக்கும் அந்தப் பிளாசாவில் கடைகள் வரும், போகும். சேலைக் கடை இருந்த இடத்தில் இப்போது பல் டொக்டர் இருக்கிறார். பயண முகவர் இருந்த இடத்தில் போன் திருத்துகிறார்கள். பதினைந்து வருடமாக அசையாமல் நிற்பது ஸம்சுதீன் நானாவின் சாப்பாட்டுக் கடை ஒன்றுதான். அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பெயர் உண்டு. கேட்டால் நானாவே யோசித்துத்தான் சொல்வார். சனம் சொல்வது 'நானா கடை'.

கடைக் கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. 'மட்டன் றோல்ஸ், என்றும் ஒரு டொலர்.' கடை திறந்த வருடம் ஆட்களை இழுக்கப் போட்ட விலை அது. விலையைப் போட்டதோடு விட்டிருக்கலாம். நானாவின் வாய் சும்மா இராது; பலகை எழுத வந்தவரிடம் 'என்றும்' என்ற சொல்லையும் சேர்த்துவிடச் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பெற்றோல் ஏறியது, எண்ணெய் ஏறியது, ஆட்டிறைச்சி கண்ணால் பார்க்க முடியாத விலைக்குப் போனது. நானாவின் றோல்ஸ் மட்டும் ஒரு டொலரில் நின்றது. பள்ளிவாசலிலும் சரி, கலியாண வீட்டிலும் சரி, "ஸ்காபரோவில இண்டைக்கும் ஒரு டொலருக்குப் பசியாறலாம் எண்டா அது எங்கட கடையிலதான்" என்று சொல்லாமல் அவர் கதிரையை விட்டு எழுந்தது கிடையாது.

கடையின் முன்பக்கம் நானா. பின்னால் குசினியில் மனைவி ரம்ஸியாவும் நக்வாவும். நக்வா கெய்ரோக்காரி. அங்கே அரசாங்கத்தின் உணவு வழங்கல் அமைச்சில் இருபத்திரண்டு வருடம் பேக்கரிப் பரிசோதகராக இருந்தவர். விடியப்புறமே ஷுப்ராப் பக்கத்துப் பேக்கரிகளுக்குப் போய், மானிய விலையில் சனத்துக்குக் கொடுக்கும் ரொட்டியைத் தராசில் போட்டு, எடை குறைந்தால் தண்டம் எழுதுவது அவர் வேலை. மகன் கனடாவுக்கு எடுப்பித்த பிறகு இந்த ஆறு வருடமாக ரம்ஸியாவோடு நின்று றோல்ஸ் சுற்றுகிறார். தமிழை அந்தக் குசினியிலேயே படித்ததால் அவருடைய தமிழ் அப்படியே ரம்ஸியாவின் எருக்கலம்பிட்டித் தமிழ். போனில் கேட்டால் மன்னாரில் பிறந்து வளர்ந்தவர் என்றுதான் நினைப்பீர்கள். நானாவை மட்டும் தங்கள் ஊர் வழக்கப்படி 'ஹாஜ்' என்பார். இன்னும் மக்காவுக்குப் போகாத நானாவுக்கு அது கூச்சமாகவும் இருக்கும், பிடிக்கவும் செய்யும்.

அந்த வருடம், அதாவது 2024 ஜூன் நடுவில், கடையின் லீஸ் முடிகிறது. பிளாசாக்காரர் புது வாடகையை மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கடிதம் அனுப்பியிருந்தார். பதினைந்தாம் திகதிக்குள் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் கடையை விட வேண்டும். பல்கலைக்கழகத்தில் பொதுக் கொள்கை படிக்கும் மகள் பாஹிமா மூன்று மாதமாக ஒரே பாட்டைப் பாடுகிறாள்.

"வாப்பா, லிசின். றோல்ஸ் விலையைக் கூட்டாம இந்த லீஸில சைன் பண்ணினா ஒரு வருசத்தில நாங்க குளோஸ்."

"ஐ.எம்.எஃப். வந்திட்டுது," என்பார் நானா. "இலங்கையை முடிச்சு, எகிப்தை முடிச்சு, இப்ப என்ர கடைக்கு வந்திருக்கு."

அத்தோடு கதை முடியும்.

மே மாதக் கடைசிப் புதன்கிழமை. பிளாசா முழுக்க மரங்கள் உதிர்த்த பஞ்சு பறந்துகொண்டிருந்தது. கதவைத் திறக்கிற நேரமெல்லாம் உள்ளே வந்து மாவில் ஒட்டும் என்று ரம்ஸியா குசினியின் பின்கதவைச் சாத்தி வைத்திருந்தார். அதனால் உள்ளே நெருப்புச் சூடு. பெரிய சட்டியில் வெங்காயமும் கறிவேப்பிலையும் வதங்க, அவித்து மசித்த கிழங்கும் இறைச்சியும் அதற்குள் விழுந்தன. நக்வா மெல்லிய தோல்களை மேசையில் பரப்பி, கறியை வைத்து, இரண்டு பக்கமும் மடித்து, உருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டி அடுக்கிக்கொண்டு போனார். அவருடைய கை ஒரு நாளைக்கு முந்நூறு றோல்ஸ் சுற்றும், கண் அங்கே இருக்கத் தேவையில்லை.

பத்து மணிக்குத் தங்கை இமான் கெய்ரோவிலிருந்து போன் எடுத்தாள். தினமும் எடுப்பாள். இரண்டு பேரும் போனில் அரசியல் பேசமாட்டார்கள். யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது என்ற பயம் நக்வாவுக்கு டொரொன்ரோ வந்தும் போகவில்லை. "அங்கே வெக்கை எப்படி?" என்று கேட்டால் டொலர் எத்தனை பவுண்ட் என்று கேட்டதாக அர்த்தம். அந்த மார்ச் மாதம் ஒரு நாள் விடிந்தபோது வெக்கை முப்பத்தொன்றிலிருந்து ஐம்பதுக்கு ஏறியிருந்ததை நக்வா சொல்ல, ரம்ஸியா பாவம், கெய்ரோச் சனத்துக்கு மோர் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். பிறகுதான் விளக்கம் வந்தது.

அன்று போனை வைத்த நக்வா வெங்காயச் சாக்கின்மேல் இருந்துவிட்டார்.

"ரம்ஸியா, ரொட்டி விலையை ஏத்திட்டாங்க. சனிக்கிழமையில இருந்து. அஞ்சு பியாஸ்தர் சல்லிக்கு வித்தது இருபது."

"நாலு மடங்கா?"

"நாலு மடங்கு. முப்பத்தாறு வருசம் அசையாத விலை."

குசினிக்கும் முன்பக்கத்துக்கும் நடுவே சாப்பாடு கொடுக்கும் ஒரு சின்ன யன்னல். அதால் நானாவின் காதுக்கு விலை என்ற சொல் மட்டும் எப்போதும் தெளிவாகப் போய்ச் சேரும். முன்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். நானாவுக்கு அது போதும்.

"கேட்டீங்களா," என்று தொடங்கினார். "ஏழையிட ரொட்டியில கை வைச்சிட்டாங்களாம் எகிப்தில. கடன் குடுக்கிறவன் சொன்னா, தலைவர் தலையாட்டுறார். எங்கட நாட்டிலயும் இதுதானே நடந்தது. அரசாங்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே சனத்திட வயித்தைப் பாக்கத்தான். இஞ்ச பாருங்க, நான் ஒரு சாதாரண கடைக்காரன். பதினைஞ்சு வருசமா விலையைத் தொட்டிருக்கிறனா?"

வரிசையில் நின்றவர்கள் இல்லை என்று தலையாட்டினார்கள். றோல்ஸ் கையில் வரும்வரைக்கும் எதற்கும் தலையாட்டத்தானே வேண்டும்.

நக்வா யன்னலால் தலையை நீட்டினார். ஊர்ச் சேதி அவரைக் கலக்கியிருந்தது; அதனால்தான் வாய் தவறியது.

"ஹாஜ், எங்கட அரசாங்கமும் முப்பத்தாறு வருசம் விலையைத் தொடேல்ல. எடையைத்தான் தொட்டது. நூத்தி முப்பது கிராம் இருந்த ரொட்டி, நூத்திப் பத்து ஆச்சு, நான் இஞ்ச வந்த பிறகு தொண்ணூறு. தராசு பிடிச்சவ நான்தானே. விலையைச் சனம் கண்ணால பாக்கும், எடையை வயிறு மட்டும்தான் பாக்கும். நாங்களும் இஞ்ச அப்பிடித்தானே..."

ரம்ஸியாவின் அகப்பை சட்டிக்குள் நின்றது. நக்வா வாயை மூடிக்கொண்டார். மூடி என்ன பயன்.

வரிசை போய் முடிந்ததும் நானா ஒரு றோல்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்தார். இறைச்சி நிறுக்கும் தராசில் வைத்தார். எழுபது கிராம். கடை திறந்த அன்று நூற்றுப் பத்து என்று அளவு போட்டுக் கொடுத்தவர் அவர். கொழுப்புக் கூடிவிட்டது என்று டொக்டர் பொரியலை நிறுத்திய பிறகு தன் கடை றோல்ஸை அவர் வாயில் வைத்ததில்லை. இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டதுதான்.

"எவ்வளவு காலமா?"

"போன வருசம் நோன்புக்குப் பிறகு," என்றார் ரம்ஸியா. "மாசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா. ஒரேயடியாக் குறைக்கக் கூடாது எண்டு நக்வா சொன்னவ."

நக்வா பாண்தூள் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"அளவில குறைக்கிறது என்ன பாவம் எண்டு உனக்குத் தெரியாதா?" நானா தராசைத் தட்டிக் காட்டினார். "படைச்சவன்ட முன்னால நிண்டு நான் என்னத்தச் சொல்ல?"

"பலகையில விலைதானே எழுதிக் கிடக்கு, கிராமா எழுதிக் கிடக்கு? எத்தினை தரம் சொன்னன், விலையைக் கூட்டுவம் எண்டு. காதில போட்டீங்களா? நீங்க முன்னால நிண்டு பேர் எடுத்தீங்க. நான் பின்னால நிண்டு அந்தப் பேரைக் காப்பாத்தினன். வேற எப்பிடிக் காப்பாத்துறது எண்டு நீங்களே சொல்லுங்க."

 சொல்லத் தெரியாத இடத்தில் நானா செய்வது ஒன்றுதான்: பேச்சை நிறுத்திவிடுவார். ரம்ஸியாவோடு அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். இரண்டு பேருக்கும் நடுவில் பாஹிமா அகப்பட்டாள்.

"பாஹிமா, தேத்தண்ணி இருக்கா எண்டு உங்கட உம்மாட்டக் கேளு." உம்மா இரண்டு முழம் தள்ளி நிற்பார்.

"பாஹிமா, தேத்தண்ணி மேசையில இருக்கெண்டு வாப்பாட்டச் சொல்லு."

"ஐ கேன்ட் டூ திஸ்," என்று பாஹிமா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நூலகத்துக்குப் போனாள்.

ரம்ஸியாவுக்கும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. முப்பது வருடத்தில் கணவனுக்கு மறைத்துச் செய்த ஒரே காரியம் அது. செய்ததில் அவருக்கு வெட்கம். செய்ய வைத்தவரில் கோபம். இரண்டையும் சேர்த்து வெங்காயம் வெட்டினார்.

திங்கட்கிழமை கடைக்கு லீவு. தன் வாயால் வந்த வினையைத் தானே தீர்க்க வேண்டும் என்று நக்வா ஒரு பெரிய சட்டி கொஷாரியோடு மோர்னிங்சைட்டில் இருக்கும் நானா வீட்டுக்கு வந்தார். சோறு, பருப்பு, மக்கறோனி, கடலை, மேலே பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு. எகிப்தில் கைவண்டிக்காரன் முதல் பேராசிரியர் வரை தெருவில் நின்று சாப்பிடும் சாப்பாடு. சோற்றுக்குள் மக்கறோனி என்றதும் நானா முகத்தைச் சுளித்தார். பிறகு இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார்.

"ஹாஜ், நான் சொல்லுறதைக் கேளுங்க," என்றார் நக்வா. "எழுபத்தேழாம் ஆண்டு. நான் சின்னப் பிள்ளை. இரவோடு இரவா விலையைக் கூட்டிட்டாங்க. விடிஞ்சா சனம் முழுக்கத் தெருவில. பஸ் எரியுது, கடை எரியுது. ரெண்டாம் நாள் அரசாங்கம் விலையைத் திருப்பி இறக்கிட்டுது. அதுக்குப் பிறகு சத்தமில்லாம மெல்ல மெல்ல அஞ்சு பியாஸ்தருக்குக் கொண்டுவந்தவங்க, எண்பத்தெட்டோட அதையும் விட்டிட்டாங்க; பிறகு வந்த ஒரு தலைவருக்கும் விலையைத் தொடுற துணிவு வரேல்ல. அதான் எடையைத் தொட்டாங்க. மாவைக் கறுப்பாக்கினாங்க. ரேஷன் காட் குடுத்தாங்க. என்ன செய்தாலும் விலை மட்டும் அஞ்சு பியாஸ்தர். வெளியால இருந்து பாத்தா ஏழையைக் காப்பாத்துற அரசாங்கம்."

"அப்ப இந்த முறை எப்பிடித் தொட்டாங்க?" நானா கேட்டார். "சனம் வரேல்லையா தெருவுக்கு?"

நக்வா கரண்டியைக் கோப்பையில் வைத்தார்.

"நானும் இமானிட்டக் கேட்டன். வெக்கை கூடிப்போச்சு, ஒருத்தரும் வெளியால போறேல்ல எண்டாள்."

இது டொலர் விலை இல்லை, பயம் என்று விளங்கிய ரம்ஸியா இந்த முறை விளக்கம் கேட்கவில்லை.  பேச்சைத் திருப்ப பாஹிமாதான் ஐ.எம்.எஃப். ஆனாள்.

"ஓகே. ஒன்று ஐம்பது போடுவம். பழைய சைஸ். உண்மையாக் கஷ்டப்படுற ஆக்களுக்கு மட்டும் ஒரு டொலர். ரார்கெட்டட் சப்சிடி."

நானாவின் முகம் மலர்ந்தது. "அது நல்லது. ஏழைக்கு ஒரு டொலர். ஆர் ஏழை எண்டு எப்பிடிப் பாக்கிறது?"

"எங்கட ஊரில ஒரு லிஸ்ட் வச்சிருக்கிறாங்க," என்றார் நக்வா. "புதுக் கார் இருந்தா ரேஷன் காட் வெட்டு. போன் பில் கூடினா வெட்டு. பிள்ளை பெரிய காசுப் பள்ளிக்கூடத்தில படிச்சா வெட்டு. என்ர மச்சான் ஒருத்தர் கலியாண வீட்டுக்கு மைத்துனன்ட காரை எடுத்துக்கொண்டு போய் வந்தார். அடுத்த மாசம் அவருக்குக் காட் இல்ல. ரெண்டும் தொடர்போ இல்லையோ தெரியாது. அந்தக் காரை அவர் திருப்பிப் பாக்கவே இல்ல."

"கார் வச்சுப் பாத்தா இந்த ஸ்காபரோவில ஒருத்தரும் ஏழை இல்லையே," என்றார் நானா. "எல்லாம் லீஸ் கார். எங்களுக்கு முந்தி வங்கிக்காரன் அதில ஏறி இருக்கிறான்."

"போனை வச்சும் பாக்க ஏலாது," என்றாள் பாஹிமா. "ரெண்டு றோல்ஸோட ஒரு நாளை ஓட்டுற ஸ்டூடன்ட்ஸ் எல்லாரும் ஐபோன்."

"பிள்ளை படிக்கிறதை வச்சுப் பாத்தா நாங்களே வெட்டு," என்றார் நானா, மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்தை நினைத்து.

ரம்ஸியா கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். பேசியது மகளோடு, சொன்னது யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும்.

"பாஹிமா, இறைச்சி போடாத கிழங்கு றோல்ஸ் ஒரு டொலருக்கு இருக்கட்டும். ஆர் வேணுமெண்டாலும் வாங்கட்டும். காரைப் பாத்து, போனைப் பாத்து ஒரு றோல்ஸ் குடுக்க நாங்க என்ன அரசாங்கமா? மட்டன் ஒன்று ஐம்பது, நூத்திப் பத்து கிராம். விருப்பமெண்டாச் சுத்துவன். இல்லையெண்டாக் கடையைப் பூட்டட்டும். இனி ஒளிச்சுச் சுத்த மாட்டன்."

நானா யன்னலுக்கு வெளியே பறக்கும் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளித்துச் சுற்றுவது என்ற சொல் அவரைக் குத்தியது. விலையைக் கூட்டினால் பேர் போகும். கூட்டாவிட்டால் கடை போகும். எடையைக் குறைத்தால் மறுமையே போகும். இதில் பேர் போவதுதான் மலிவு.

"வெள்ளிக்கிழமை தொடங்குவம் எண்டு உங்கட உம்மாட்டச் சொல்லு," என்றார்.

வெள்ளிக்கிழமை என்று வாய்விட்டது எவ்வளவு பிழை என்று அன்று காலைதான் நானாவுக்கு விளங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் கூட்டம்தான் கடையின் பெரிய கூட்டம். பாஹிமா ஏணி வைத்து ஏறி, 'என்றும் ஒரு டொலர்' என்பதன்மேல் புது விலை எழுதிய கடதாசியை ஒட்டினாள். கீழே நின்று ஏணியைப் பிடித்த நானா நிமிர்ந்து பார்க்கவில்லை.

முதலாவதாக வந்தது செல்வரட்ணம். விமான நிலையத்துக்கு லிமோசின் ஓட்டுகிறவர், யாழ்ப்பாணத்துக் கரையூர்க்காரர், கடை திறந்த நாளிலிருந்து வருகிறவர். அவர் வாயில் ஒரு செய்தி விழுந்தால் மத்தியானம் மோர்னிங்சைட்டுக்கும் பின்னேரம் பார்க்டேலுக்கும் போய்விடும். இவரை வேண்டாம் என்றுதான் நானா காலையில் இருந்து துஆ கேட்டிருந்தார்.

செல்வரட்ணம் வாசலில் நின்று பலகையை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி இன்னொரு தரம் பார்த்தார். உள்ளே வந்தார்.

"உதென்ன நானா, புதுசா எழுதிக் கிடக்கு?"

"விலை கூட்டியிருக்கு அண்ணை."

"ம். எனக்கு ரண்டு தாருங்கோ."

"வழமையா மூண்டுதானே எடுக்கிறனீங்க?" நானா இரண்டைப் பையில் போட்டுக் கொடுத்தார். முதல் ஆளே ஒன்றைக் குறைத்துவிட்டார்.

செல்வரட்ணம் பையிலிருந்து ஒரு றோல்ஸை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கடித்தார். மென்றார். நானா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானா, நான் பதினாலு வருசம் ரண்டுதான் எடுத்தனான். போன வருசந்தான் ரண்டு காணாமல் போச்சு. மூண்டு திண்டாத்தான் வயிறு அடங்குது. வயது போகப் போகப் பசி கூடுது எண்டு மனிசி கிளடிஸிட்டைச் சொல்ல, அவ பயந்துபோய் என்னை டொக்டரிட்டைக் கொண்டு போட்டா. ரத்தம் எடுத்து, ஸ்கான் எடுத்து, ஒண்டும் பிடிபடேல்லை. கடைசியாப் பூச்சிக் குளிசை தந்தவர். அதையும் விழுங்கினன்." இன்னொரு கடி கடித்தார். "இண்டைக்குத்தான் இது பழைய சாமான் மாதிரிக் கிடக்கு."

மூன்றின் கணக்கு நானாவுக்கு விளங்கியது. சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

"அண்ணை, உங்கட வயித்தில ஒரு பிழையும் இல்ல. றோல்ஸ்தான் சின்னனாப் போயிருந்தது. அது என்ர பிழை. ஒரு டொலர், ஒரு டொலர் எண்டு கத்திக்கொண்டு நிண்டனே தவிர, கையில என்ன குடுக்கிறன் எண்டு நான் பாக்கேல்ல."

 யன்னலுக்குப் பின்னால் எண்ணெய் கொதித்தது.

செல்வரட்ணம் மெல்லுவதை நிறுத்தினார். கோபிப்பார் என்று நானா தயாராக நின்றார். அவர் போனை எடுத்தார்.

"கிளடிஸ், எனக்குப் பூச்சி இல்லையாம். ஓம். நானா சொல்லுறார். இல்லையப்பா, ஒரு வருத்தமும் இல்லை. றோல்ஸ்தான் இளைச்சுப் போய்க் கிடந்ததாம்." போனைப் பையில் வைத்துவிட்டு இரண்டு டொலர் ரூனிக் குற்றி ஒன்றும் ஒரு டொலர் லூனிக் குற்றி ஒன்றும் எடுத்து மேசையில் வைத்தார். "மூண்டு டொலர். ஒரு வருசமா அதே காசுதானே குடுக்கிறன். உங்கட புது விலை எங்களுக்கு எப்பவோ வந்திட்டுது."

அவர் சிரித்துக்கொண்டு போனார். நானா அந்த இரண்டு குற்றியையும் பார்த்தபடி நின்றார். பிறகு குசினிக்குள் போனார். எல்லாவற்றையும் கேட்ட நக்வா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"யோசிக்காதீங்க ஹாஜ். எங்கட ஊரிலயும் ரொட்டி என்ன விலை எண்டு கடைசியாத் தெரியவாறது மேல இருக்கிறவங்களுக்குத்தான். நீங்க ஒரு வருசத்தில கண்டுபிடிச்சிட்டீங்க. அவங்களுக்கு முப்பத்தாறு வருசம் எடுத்தது."

ரம்ஸியா அடுப்பைப் பார்த்தபடி நின்றார், திரும்பவில்லை. பிழை தன்னுடையது என்று ஊர் வாயான செல்வரட்ணத்திடம் நானா சொன்னது அவருக்குக் கேட்டிருந்தது. கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தின்மேல் பழி போட வசதியான இடம் அது. வெளியே ஜும்ஆவுக்குப் போகிற வழியில் கார்கள் ஒவ்வொன்றாகப் பிளாசாவுக்குள் திரும்பின.

"ரம்ஸியா," என்றார் நானா. ஒன்பது நாளுக்குப் பிறகு நேராகக் கூப்பிட்ட முதல் வார்த்தை. "பாஹிமாவை அந்த லீஸ் பேப்பரைக் கொண்டுவரச் சொல்லு. இண்டைக்குச் சனம் கூடும்போல கிடக்கு. இன்னும் நாப்பது சுத்து."

ரம்ஸியா ஒரு தோலை எடுத்து மேசையில் விரித்தார்.

"என்ன அளவில?" என்று கேட்டார்.

நக்வாதான் முதலில் சிரித்தார். பிறகு நானாவுக்கு வந்தது. ரம்ஸியாவின் முதுகும் குலுங்கியது. நானா தராசை இழுத்து மேசை நடுவில் வைத்தார்.